கயிறு யார் கையில்?

காலையில் தூத்துக்குடி கடற்கரைச் சாலைக்குப் போனால் மூன்று விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒன்று, டாக்டர் சொன்னதற்காக ரோச் பூங்கா பக்கம் கையை வீசி வீசி நடக்கும் அண்ணாச்சிகள். இரண்டு, நடப்பதைவிட அதிகமாகப் பேசும் அண்ணாச்சிகள். மூன்று, செல்போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் தண்டால் எடுக்கும் காலேஜ் பையன்கள்.

இந்த மூன்றாவது கூட்டத்தின் பேச்சைக் கேட்டால் சுவாரசியமாக இருக்கும்.

"ஏலே, வெயிலு நேரா கேமராவுக்குள்ள அடிக்கி. மூஞ்சியே தெரியல, இந்தப் பக்கம் திரும்பு."

"மூஞ்சி கெடக்கு, பின்னால கடல் தெரியணும்லே. அதுதான் முக்கியம்."

"நேத்துப் போட்டத எத்தன பேரு பாத்துருக்கான்?"

இந்தக் கடைசிக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம். உடற்பயிற்சி வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. சில மட்டும் ஓடுகின்றன, மற்றவை படுத்துவிடுகின்றன. ஏன்? "ஓடியது" என்றால் உண்மையில் என்ன ஓடியது? அந்தக் கூட்டத்தில் ஒருவன் இதைக் கொஞ்சம் கஷ்டப்பட்டே கற்றுக்கொண்டான். பி.காம். இரண்டாம் ஆண்டு. பெயர் வேண்டாமே.

அறுபத்தொரு பேர்

அவன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எடை ஆறு கிலோ ஏறியிருந்தது, தோள் அகன்றிருந்தது, பழைய சட்டைகள் தம்பிக்குப் போயிருந்தன. "இத்தனை செய்திருக்கிறேன், நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்ற எண்ணம் வருவது இயல்புதானே! நானூறு ரூபாய்க்கு ஒரு ட்ரைபாட் வாங்கினான். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தான்.

முதல் வீடியோ நான்கு நிமிடம். பெஞ்ச் பிரஸ் எப்படிச் செய்வது என்று விளக்கம். அதுவும் இங்கிலீஷில்! அப்போதுதான் 'ப்ரொபஷனலாக' இருக்கும் என்று நினைத்தான். பார்த்தவர்கள் 61 பேர். அதில் முக்கால்வாசி அவன் வகுப்பு. ஒருவர் அவனுடைய அக்கா. அக்கா கேட்ட ஒரே கேள்வி, "பின்னால கொடியில யாரு பனியன்லே அது?"

அடுத்த பத்து வீடியோக்களும் அப்படியே. ஐம்பது, எழுபது, ஒருமுறை நூற்றுப்பத்து. சட்டையைக் கழற்றிவிட்டுப் போட்டால் பத்துப் பதினைந்து கூடுதல். அவ்வளவுதான்.

வணிகவியல் படிக்கிற பையன் அல்லவா, கடைசியில் இதையும் மார்க்கெட்டிங் பாடம் மாதிரி எடுத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தான். சரக்கு நல்ல சரக்குதான், ஆனால் சந்தை எப்படி இயங்குகிறது?

சந்தை இயங்கும் விதம்

இந்தியாவில் குறுவீடியோ என்றால் ஒரு காலத்தில் டிக்டாக்தான். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸை இறக்கியது. அந்தக் கூட்டம் முழுவதும் மூட்டை முடிச்சோடு அங்கே குடியேறியது.

பழைய நாட்களில் ஒருவர் போட்டதை அவரைப் பின்தொடர்பவர்கள் பார்ப்பார்கள். ரீல்ஸ் அப்படியில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கும் காட்டுகிறது. யாருக்குக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்பதை ஒரு கணக்குதான் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் முக்கியமானவை மூன்று என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரியில் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் உடற்பயிற்சிப் பதிவுகளின் ரகசியம் பாதி விளங்கிவிடும். முதல் இரண்டு மூன்று வினாடிகளில் ஏதோ ஒன்று ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். 'வணக்கம் நண்பர்களே, இன்றைய வீடியோவில்...' என்று இழுத்தால் பார்ப்பவன் அதற்குள் அடுத்த வீடியோவில் இருப்பான். பயிற்சி முதல் காட்சியிலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும். பேச்சு பார்ப்பவனின் பேச்சாக இருக்க வேண்டும். 'பாத்தியா, இந்த முட்டி உள்ள மடங்குதுல்ல, அதுதான் தப்பு' என்று தமிழில் சொன்னால் விளாத்திகுளத்தில் இருப்பவனுக்கும் புரியும். ஒரு வீடியோவில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'மச்சான் இதைப் பாரு' என்று நண்பனுக்கு அனுப்பத் தோன்ற வேண்டும்.

இவையெல்லாம் தொழில்நுட்பம். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அவனும் கற்றுக்கொண்டான். பார்வைகள் நூறிலிருந்து ஆயிரத்துக்குப் போயின. ஆனால் மிச்சப் பாதி ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஓடிய வீடியோக்களில் என்ன இருந்தது?

இங்கே தென் தமிழகத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளலாம். 2021 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் முளகுமூட்டில் ஒரு பள்ளிக்கு ராகுல் காந்தி வந்திருந்தார். ஜூடோ பயிலும் ஒரு மாணவி அவரைத் தண்டால் எடுக்கச் சொல்ல, மேடையிலேயே அந்த மாணவியோடு சேர்ந்து எடுத்தார். வீடியோ நாடு முழுவதும் சுற்றியது. அதே வருடம் ஆகஸ்டில், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஜிம்மில் உடற்பயிற்சி செய்யும் வீடியோ வெளியானது. அவருக்கு அப்போது 68 வயது. அதுவும் காட்டுத்தீ போலப் பரவியது.

கட்சி அரசியலை ஓரமாக வைத்துவிட்டு இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் சிக்ஸ் பேக் இல்லை! முதலாவதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள், ஒரு விளையாட்டுச் சவால் இருக்கிறது. இரண்டாவதில் வயது இருக்கிறது. பார்க்கும் அண்ணாச்சிக்கு 'இந்த வயசுல அவரு செய்தாரே' என்று தோன்றுகிறது. அவர்கள் பிரபலமானவர்கள் என்பதும் காரணம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிரபலமானவர்கள் தினமும் எத்தனையோ வீடியோ போடுகிறார்கள், எல்லாமா ஓடுகிறது?

இன்னொருவர் சைலேந்திர பாபு. 2021 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழகக் காவல்துறையின் தலைவராக இருந்தவர். சைக்கிள், ஓட்டம், நீச்சல் என்று வருடக்கணக்காக இளைஞர்களிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவர். அவரைப் பின்தொடர்பவர்களில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களும் பெண்களும் ஏராளம். காரணம் எளிமையானது. ஆண்களுக்கான காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடியாக வேண்டும். கண்ணாடியில் அழகாகத் தெரிவதற்காக ஓடுகிறவன் மழை பெய்தால் நின்றுவிடுவான். ஏழு நிமிடத்துக்காக ஓடுகிறவன் நிற்க மாட்டான். தருவை மைதானத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டே ஓடும் ஒருவனுக்குத் தேவை ஒரு ஏழு நிமிட வழி. அதைச் சொல்பவர் அந்தச் சீருடையைப் போட்டவர் என்றால் நம்பிக்கை தானாக வருகிறது.

வெளிநாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் ஜோ விக்ஸ். கொரோனாவால் பிரிட்டனில் பள்ளிகள் மூடப்பட்டதும், 2020 மார்ச் 23 முதல் தன் வீட்டு அறையில் நின்றுகொண்டு, வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி வகுப்பை யூடியூபில் நேரலையாக நடத்தினார். மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் 9,55,185 பேர் பார்த்தார்கள். கின்னஸ் சாதனை. அறையில் பெரிய கருவிகள் எதுவும் இல்லை. பார்ப்பவர்கள் வீட்டிலும் இல்லை. அதுதானே விஷயம்! தினமும் ஒரே நேரம், ஒரே ஆள், கூடவே செய்யலாம். பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி.

இந்தக் கடற்கரையிலேயே ஒரு உதாரணம் உண்டு. 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்களை லட்சக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். அவை உடற்பயிற்சிச் சேனல்கள் அல்ல. கடலுக்குப் போகிறார்கள், வலை இழுக்கிறார்கள், மீனைக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த வலையை இழுக்கும் முதுகையும் கையையும் எந்த ஜிம்மிலும் பார்க்க முடியாது. உப்பளத்தில் சுமை தூக்கும் தோளும் அப்படித்தான். யாரும் அதற்கு 'ஒர்க்அவுட்' என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வீடியோக்களில் ஜனங்கள் பார்ப்பது பாசாங்கு இல்லாத உழைப்பை.

இந்த மாவட்டத்தின் மணத்தி ஊர்க்காரர் கபடி வீரர் மணத்தி கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே அதற்கு அடுத்த வருடம்தான் பேசப்பட்டது! அவர் எடுத்த பயிற்சிக்கு லைக் போட ஒருவரும் இல்லை. அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' 2025 அக்டோபர் 17 அன்று வெளியானது. படத்துக்காகத் துருவ் விக்ரம் கபடி கற்றுக்கொண்டதும் பெரிய பேச்சானது. ஒரே பயிற்சி, முப்பது வருட இடைவெளி. யாரும் பார்க்காதபோதும் அது பயிற்சியாகத்தான் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஐந்நூறு பஸ்கி

நம்ம பையன் கதைக்கு வருவோம்.

நண்பனுக்கு அனுப்பத் தோன்ற வேண்டும் என்பதை அவன் சரியாகப் பிடித்துக்கொண்டான். சவால் என்றால் அனுப்புவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துநகர் கடற்கரையில் ஒரு வீடியோ எடுத்தான். முதல் காட்சியிலேயே வியர்வை சொட்டச் சொட்ட எண்ணிக்கை: "498... 499... 500!" அப்புறம் கேமராவைப் பார்த்து ஒரே ஒரு வரி. "தூத்துக்குடிக்காரன் முடிச்சிட்டான். உன் ஊர்ல எவன்லே இருக்கான்?"

ஒட்டுமொத்தமும் பதினெட்டு வினாடி. உண்மையில் அவன் அந்த ஐந்நூறு பஸ்கியைப் பத்துப் பகுதியாக, நடுநடுவே உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துத்தான் செய்திருந்தான். அதற்கு முன்னால் ஒரு வருடம் கால் பயிற்சி செய்திருந்தான். பதினெட்டு வினாடியில் அதற்கெல்லாம் இடம் ஏது?

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. மூன்று நாளில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பார்வை! திருநெல்வேலி, மதுரை, துபாய் என்று எங்கிருந்தெல்லாமோ பதில் வீடியோ. காலேஜ் கேண்டீனில் ராஜ மரியாதை. புரோட்டீன் பவுடர் விற்கும் ஒரு கடைக்காரர் அழைத்து, 'தம்பி, டப்பாவைக் கையில பிடிச்சிட்டு ஒண்ணு போடுங்க' என்றார்.

நான்காம் நாள் காலை ஒரு செய்தி வந்தது. முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

அந்தப் பையன் அதுவரை ஜிம் வாசலை மிதித்ததில்லை. ஹாஸ்டல் மொட்டை மாடியில், மத்தியான வெயிலில், நண்பர்கள் எண்ண எண்ண, ஐந்நூறையும் ஒரே மூச்சாக முடித்திருக்கிறான். மறுநாள் படி இறங்க முடியவில்லை. 'முதல் நாள் அப்படித்தான் இருக்கும், வலி இருந்தாத்தான் வளரும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது.

இதற்கு மருத்துவத்தில் ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். பழக்கமில்லாத தசைக்கு ஒரேயடியாக அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் தசைச் செல்கள் உடைகின்றன. அதற்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய் அதைப் பாழாக்கலாம். கடும் வெயிலும் நீர் வற்றிய உடம்பும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சரியான நேரத்தில் போனால் ட்ரிப்ஸ் ஏற்றிச் சரிசெய்துவிடலாம். தாமதித்தால் டயாலிசிஸ் வரைகூடப் போகும். சிறுநீர் கறுத்தால் அது 'வளர்ச்சி' இல்லை, உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறி. இதை மட்டுமாவது இந்தக் கட்டுரையிலிருந்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையன் தப்பித்தான். ஐந்து நாள் ட்ரிப்ஸ். ஆஸ்பத்திரியில் அவனுடைய அம்மா நம்ம ஆளைத் திட்டவில்லை. 'நீங்கதான் அந்த வீடியோ அண்ணனா தம்பி?' என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும்.

அவன் வெளியே வந்து செல்போனைப் பார்த்தான். பார்வை ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஆகியிருந்தது. அவன் போட்டதிலேயே மிகப்பெரிய வெற்றி அதுதான்.

தாத்தா கேட்ட கேள்வி

அவனுடைய தாத்தா எண்பதைத் தாண்டியவர். சங்கு குளித்தவர். அதற்கும் முன்னால், மீசை முளைக்கும் வயதில், முத்துக் குளிக்கப் போன கடைசிக் கூட்டத்தில் ஒருவர். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு பார்களில் போதுமான சிப்பி விளையவில்லை. 'முத்துநகர்' என்ற பெயர் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கும் கடற்கரைக்கும் மிச்சமிருக்கிறது.

முத்துக் குளிப்பு எப்படி நடந்தது என்று இன்றைய பையன்கள் பலருக்குத் தெரியாது. ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் கிடையாது. குளிப்பவர் ஒரு கல்லில் காலை வைத்துக்கொள்வார். கல்லின் கனத்தில் கயிற்றோடு விறுவிறு என்று இறங்குவார். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழம். பத்துப் பாகம் என்றால் ஏறத்தாழ 18 மீட்டர், ஆறு மாடி உயரம்! அடியில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரிப் பையில் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். மேலே படகில் கயிறு பிடித்திருப்பவர் உடனே இழுத்துத் தூக்குவார். எல்லாம் ஒரு நிமிடம், சிலருக்கு அதற்குக் கொஞ்சம் கூடுதல். இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை.

அந்தக் கயிறு பிடிப்பவர் யார் என்பதில்தான் விஷயம். முத்துக் குளிப்பவருக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பார் என்று இந்தக் கடற்கரையில் சொல்வார்கள். ஏன் மச்சான்? கூடப் பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாதே! அந்த அக்கறை எத்தனை கூலி கொடுத்தாலும் வராது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனிடம் தாத்தா நடந்ததை எல்லாம் கேட்டார். வீடியோவைக் காட்டச் சொன்னார். பதினெட்டு வினாடியையும் இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மக்கா. அந்தப் பய ஒன்னப் பாத்துத்தான் எறங்குனான், என்ன?"

"ஆமா தாத்தா."

"அப்போ அவன் கயிறு யாரு கையில இருந்துச்சி?"

அவனிடம் பதில் இல்லை.

"கீழ எறங்குறது பெரிசில்ல மக்கா. எங்க காலத்துல கல்ல கட்டுனா பொணங்கூட எறங்கும். மேல கயிறு பிடிக்கவன் கண்ணு தண்ணியிலேயே இருக்கணும். அவன் வேற எங்கயாச்சும் பாத்துக்கிட்டு பீடி வலிச்சான்னா, கீழ உள்ளவன் சோலி முடிஞ்சிச்சி. நீ எங்கடே பாத்துக்கிட்டிருந்த?"

அவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கே தெரியும். பார்வை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நற்பெயர் என்ற சொத்து

பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் உண்டு. கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத, ஆனால் விலை உள்ள சொத்து. கடையின் மேஜை நாற்காலியை எண்ணிவிடலாம். 'அந்த அண்ணாச்சி கடையில் எடை சரியாக இருக்கும்' என்ற ஊர்ப் பேச்சை எப்படி எண்ணுவது? அதுதான் நற்பெயர்.

உடற்பயிற்சிப் பதிவுகளிலும் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. பார்வை எண்ணிக்கை அன்றாட ரொக்க விற்பனை மாதிரி. இன்று வரும், நாளை வராது. இந்த ஆள் சொன்னால் செய்யலாம், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை மூலதனம். ரொக்கத்துக்காக மூலதனத்தை விற்றவர்கள் கதை எல்லாம் ஒரே மாதிரிதான் முடிகிறது.

அமெரிக்காவில் 'லிவர் கிங்' என்று ஒருவர். இயற்பெயர் பிரையன் ஜான்சன். பச்சை ஈரலைத் தின்று, ஆதிமனிதன் மாதிரி வாழ்ந்துதான் இந்த உடம்பு வந்தது என்று சொல்லி லட்சக்கணக்கானோரைச் சேர்த்தார். கூடவே சப்ளிமென்ட் வியாபாரம். ஸ்டீராய்டு கிடையாது என்று அடித்துச் சொன்னவர், அவருடைய மின்னஞ்சல்கள் வெளியானதும் 2022 டிசம்பரில் ஸ்டீராய்டு போட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த உடம்பை நம்பி ஈரலைத் தின்றவன் கயிறு யார் கையில் இருந்தது?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 'முன்பு - பின்பு' படங்கள் இருக்கின்றனவே, அதில் பாதி வெளிச்சத்தின் வேலை. முதல் படத்தில் வயிற்றைத் தளரவிட்டு, நேர் வெளிச்சத்தில் நிற்பார்கள். இரண்டாவதில் பயிற்சி முடிந்த கையோடு, தசை புடைத்திருக்கும்போது, பக்கவாட்டு வெளிச்சத்தில், மூச்சைப் பிடித்து நிற்பார்கள். 'முப்பதே நாளில்' என்று எழுதுவார்கள். முப்பது நிமிடத்தில்கூட எடுக்கலாம்!

சட்டமும் மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021-ல் விதி கொண்டுவந்தது. உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களும் இன்ஃப்ளூயன்சர்களும் தங்கள் தகுதியையும், தாங்கள் சொல்வது மருத்துவர் ஆலோசனைக்கு மாற்று இல்லை என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். ஆனால் பதினெட்டு வினாடிச் சவால் விளம்பரமே இல்லையே! அதைத் தடுக்கச் சட்டம் வராது. போடுகிறவன் மனசுதான் வர வேண்டும்.

அடுத்த வீடியோ

அவன் அந்தச் சவால் வீடியோவை அழித்தான். நண்பர்கள் 'லூசாலே நீ, ரெண்டு லட்சம் தாண்டும்லே' என்றார்கள். புரோட்டீன் கடைக்காரருக்கு 'வேண்டாம் அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டான்.

பத்து நாள் ஒன்றும் போடவில்லை. அதன் பிறகு ஒரு வீடியோ வந்தது. சட்டை போட்டுக்கொண்டு, கடல் இல்லாமல், வீட்டுத் திண்ணையில். "போன மாசம் 500 பஸ்கின்னு ஒண்ணு போட்டேன். அத ஒரே மூச்சுல செய்யல. பத்து தடவையா செஞ்சேன், அதச் சொல்லல. அதப் பாத்து ஒரு தம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். இதுவரைக்கும் செய்யாதவன் நாளைக்கு பத்து செய். நாளான்னிக்கு கால் வலிச்சா சும்மா நட. அதுக்கு அடுத்த நாள் பன்னெண்டு."

அது ஓடியதா? சவால் ஓடிய மாதிரி ஓடவில்லை. ஆறாயிரத்துச் சொச்சம். ஆனால் அதுவரை வராத ஒன்று வந்தது. கேள்விகள். 'அண்ணா எனக்கு முட்டி வலி இருக்கு, செய்யலாமா?', 'எங்க அம்மாவுக்கு சுகர், எத்தன நிமிஷம் நடக்கணும்?', 'ஏழு நிமிஷத்துல 1500 வரல, ஏழே முக்கால் ஆகுது, என்ன செய்ய?' முட்டி வலிக்காரனை டாக்டரிடம் போகச் சொன்னான். அம்மாவைப் பற்றிக் கேட்டவனுக்கு, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது என்பதையும் சேர்த்து எழுதினான். ஏழே முக்கால்காரனை மட்டும் தருவை மைதானத்துக்கு நேரில் வரச் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து அங்கே நாலு பேர் வந்திருந்தார்கள். நாலாவது ஆள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு வந்த அந்த முதலாம் ஆண்டுப் பையன்.

"அண்ணே, பத்துதானே?"

"இன்னைக்கு அஞ்சு போதும்லே."

அன்று செல்போன் ட்ரைபாடில் இல்லை, பையில் இருந்தது. ஒருவன் ஓட, மற்றவர்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழே முக்கால்காரன் ஏழு நிமிடம் முப்பத்தெட்டு வினாடியில் வந்து சேர்ந்தான். யாரும் அதை வீடியோ எடுக்கவில்லை. தாத்தாவிடம் சாயங்காலம் போய்ச் சொன்னபோது அவர் கேட்டது, "அந்தச் சின்னப் பய வந்தானா?" என்பதுதான்.